ஏழு நிமிடமும் ஓர் ஆறும்: ஜப்பானிய ஆல்ப்ஸைக் கடக்க மூன்று வழிகள்

ஜப்பானின் நகானோ மாகாணத்தில் ஒகாயா என்றொரு ரயில் நிலையம். அங்கிருந்து ஷியோஜிரிக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மலையைக் குடைந்து நேரே போகிறது, 11.7 கி.மீ. மற்றது தெற்கே தாட்சுனோ என்ற ஊர்வரை இறங்கி, அங்கே திரும்பி, மறுபடி வடக்கே ஏறி அதே ஷியோஜிரிக்கு வந்து சேர்கிறது, 27.7 கி.மீ. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்தப் பழைய பாதைக்கு ‘தாய்ஹாச்சி சுற்று’ என்று பட்டப்பெயர். இட்டோ தாய்ஹாச்சி என்ற அரசியல்வாதி ரயிலைத் தன் சொந்த மண்ணான இனா பள்ளத்தாக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது கதை.

கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1906-இல் அந்தப் பாதை திறந்தபோது ஜப்பானிலேயே நீளமான ரயில் சுரங்கம், அதே தடத்தில் மூன்று ஆண்டு முன்பு திறந்த 4.6 கி.மீ. சசாகோ சுரங்கம்தான். ஒகாயா மலையை நேரே கடக்க 6 கி.மீ. குடைய வேண்டும். அன்றைய கைக்கு அது எட்டாத வேலை. அந்த 6 கி.மீ. சுரங்கம் 1983-இல்தான் வந்தது. விரைவு ரயில்கள் எல்லாம் அதற்கு மாறிவிட, பழைய சுற்றில் இப்போது இரண்டு பெட்டி உள்ளூர் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நூறு ஆண்டு கழித்து அதே மலைப்பகுதியில் அதே கேள்வி திரும்பி வந்தது. இம்முறை ரயில், தண்டவாளத்தைத் தொடாமல் காந்த விசையில் மிதந்து மணிக்கு 505 கி.மீ. வேகத்தில் போகும். டோக்கியோவையும் நகோயாவையும் 40 நிமிடத்தில் இணைக்கும் சூஓ ஷின்கான்சென் (ஷின்கான்சென் என்பது ஜப்பானின் அதிவேக ரயில்). சுற்றிப் போவதா, குடைந்து போவதா? 2011 மே மாதம், குடைந்தே போகலாம் என்று அரசு முடிவெடுத்தது. அந்த முடிவைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். அன்றைக்குப் போட்ட கணக்கில் எண்கள் தவறில்லை, எண்களை எழுதிய கட்டங்கள்தான் போதவில்லை என்பது என் கட்சி.

எதற்காக இன்னொரு பாதை

டோக்கியோவிலிருந்து ஒசாகாவரை 515 கி.மீ. ஓடும் தோக்காய்டோ ஷின்கான்சென் 1964 அக்டோபரில் திறந்தது. அது பசிபிக் கடற்கரையை ஒட்டியே போகிறது. பெரிய நிலநடுக்கம் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஜப்பான் பயந்துகொண்டிருக்கும் நன்காய் பள்ளம் அந்தக் கரைக்கு எதிரேதான் கடலுக்கடியில் கிடக்கிறது. பாதைக்கும் வயதாகிவிட்டது. நாட்டின் முதுகெலும்பு ஒரே ஒரு தடத்தில் இருப்பது ஆபத்து, உள்நாட்டு வழியாக இன்னொன்று வேண்டும் என்ற எண்ணம் 1973-லேயே அரசின் அடிப்படைத் திட்டத்தில் ஏறிவிட்டது. 2007 டிசம்பரில் ஜே.ஆர். சென்ட்ரல் என்ற ரயில் நிறுவனம், நகோயாவரை தன் சொந்தச் செலவிலேயே கட்டிக்கொள்வதாக அறிவித்தபோதுதான் திட்டத்துக்கு உயிர் வந்தது.

வடக்குக் கடற்கரைப் பக்கமாகப் போகும் ஹொக்குரிக்கு ஷின்கான்சென் அந்த மாற்றுப்பாதை வேலையைச் செய்யாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது 2024 மார்ச்சில் சுருகாவரை வந்துவிட்டது. ஒசாகாவரை இன்னும் வரவில்லை. ஆகவே அதை இந்தப் பந்தயத்தில் சேர்க்க முடியாது.

மூன்று கோடுகள்

டோக்கியோவிலிருந்து யமனாஷி மாகாணத்தின் கோஃபுவரை மூன்று வழிக்கும் ஒரே தடம். நகோயா பக்கத்திலும் அப்படித்தான். நடுவில் மலைகள் குறுக்கே நிற்கும் இடத்தில்தான் பிரிகின்றன.

‘ஏ’ வழி, வடக்கே சுவா ஏரிப் பக்கம் ஏறி, கிசோ பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது. 334 கி.மீ., 46 நிமிடம், 5.63 லட்சம் கோடி யென். ‘பி’ வழியும் சுவாவுக்குப் போகிறது. ஆனால் மத்திய ஆல்ப்ஸுக்கும் தெற்கு ஆல்ப்ஸுக்கும் நடுவே விரியும் இனா பள்ளத்தாக்கில் இறங்கி, ஈடா நகரம் வழியாக வருகிறது. 346 கி.மீ., 47 நிமிடம், 5.74 லட்சம் கோடி யென். ‘சி’ வழி எதையும் சுற்றுவதில்லை. தெற்கு ஆல்ப்ஸ் என்று அழைக்கப்படும் அகாய்ஷி மலைத்தொடரை அடியோடு துளைத்து ஈடாவுக்கு வருகிறது. 286 கி.மீ., 40 நிமிடம், 5.1 லட்சம் கோடி யென். மூன்றும் ஜே.ஆர். சென்ட்ரல் 2009-இல் வெளியிட்ட மதிப்பீடுகள்.

இப்படி வரிசையாக எழுதிப் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. ‘சி’ குறுகியது, வேகமானது, மலிவானது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

‘ஏ’ வழியை நானும் இங்கேயே இறக்கி வைத்துவிடுகிறேன். கிசோ பள்ளத்தாக்கு இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய இடம். மக்கள்தொகையும் குறைவு. அதற்காகத் தொண்டை கிழியக் கத்தவும் ஆள் இல்லை. உண்மையான போட்டி ‘பி’-க்கும் ‘சி’-க்கும்தான்.

மலை மேலேயே ஏறிப் போனால் என்ன என்ற கேள்விக்கும் ஒரு வரி பதில் சொல்லிவிடலாம். பிரான்ஸின் பாரிஸ்–லியோன் அதிவேகப் பாதையில் ஒரு சுரங்கம்கூடக் கிடையாது. 28 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றத்தில் ரயில் குன்றுகளின் மேலேயே ஏறி இறங்குகிறது. 1981-இல் அது பெரிய துணிச்சல். ஆனால் அங்கே இருந்தவை குன்றுகள். அகாய்ஷியில் 3,193 மீட்டர் உயரத்தில் கிடா சிகரம் நிற்கிறது.

சுற்று வழிக்காரர்களின் நியாயம்

நகானோ மாகாணம் 1980-களின் இறுதியிலிருந்தே ‘பி’ வழிதான் வேண்டும் என்று ஒரே குரலில் நின்றது. வெறும் ஊர்ப்பாசம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சுவா ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் கடிகாரம், நுண்கருவி என்று துல்லியத் தொழிலில் பேர் வாங்கியவை. கிழக்கின் சுவிட்சர்லாந்து என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பகுதி. செய்கோ எப்சனின் தலைமையகம் அங்கேதான். ஒரு அதிவேக ரயில் எதற்காக ஓட வேண்டும்? ஆட்கள் இருக்கும் இடத்தில் நிற்பதற்காக. ‘சி’ வழியில் கோஃபுவைத் தாண்டினால் ஈடா வரும்வரை பெரும்பாலும் ஆள் குடியில்லாத மலைதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இதே கேள்விக்குச் சாலைப் பொறியாளர்கள் சொன்ன பதில். சூஓ நெடுஞ்சாலையும் முதலில் தெற்கு ஆல்ப்ஸை நேரே துளைத்துப் போவதாகத்தான் திட்டமிடப்பட்டது. ஆழமான மலை, வேலைக்கு வழியில்லாத இடம், கட்டுப்படியாகாத செலவு என்று பார்த்து, 1960-களில் அதைச் சுவா வழியாகத் திருப்பினார்கள். ஆக, ரயில் ஒரு முறை, சாலை ஒரு முறை, இரண்டும் இந்தப் பகுதி மலைகளிடம் தலை குனிந்துவிட்டுப் போயிருக்கின்றன. மூன்றாவது ஆள் மட்டும் நேரே போகிறேன் என்றால், முன்னவர்களிடம் இல்லாத எதை அவன் கையில் வைத்திருக்கிறான் என்று கேட்கத்தானே வேண்டும்?

கையில் ஒன்று இருந்தது. காந்த ரயில் 25 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற செங்குத்தான ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறும். சக்கர ரயிலுக்கென்றால் சுரங்கத்தை இன்னும் தாழ்வாகவும் நீளமாகவும் போட வேண்டியிருக்கும். இந்த ஏற்றத்திறனால் சுரங்கத்தை 25 கி.மீ. நீளத்தில் அடக்க முடிந்தது. 2008-இல் நில ஆய்வு முடித்த நிறுவனம், மூன்று வழியும் சாத்தியமே என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம், ‘பி’ வழி சுற்றிப் போகிறது என்பதால் மலையைத் தொடாமல் போகிறது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. 500 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டிக்கு வளைவின் ஆரம் 8,000 மீட்டராவது வேண்டும். பள்ளத்தாக்கு ஆற்றோடு வளைந்து வளைந்து போகும். ரயில் அப்படிப் போக முடியாது. பள்ளத்தாக்கு திரும்பும் இடத்திலெல்லாம் ரயில் நேரே மலைக்குள் நுழைந்து வெளியே வரும். சுரங்கங்கள் ஆழம் குறைந்தவையாக இருக்கும், பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் தோண்டலாம், ஏற்கெனவே சாலை இருக்கிறது. ஆனால் சுரங்கம் சுரங்கம்தான்.

நிலப்பிளவுகளைப் பற்றிய பேச்சிலும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. ‘சி’ வழி இரண்டு பெரிய பிளவுகளைக் கடக்கிறது: இடோய்காவா–ஷிசுவோகா பிளவு, மத்தியப் பிளவு. மலையே ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் அளவில் உயர்ந்துகொண்டிருக்கிறது என்பார்கள். கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் சுற்றிப் போனால் தப்பிக்கலாமா? அந்த இரண்டு பிளவுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் சுவா ஏரி! இனா பள்ளத்தாக்கின் நெடுகவும் பிளவுகள் ஓடுகின்றன. பிளவை ஒரே தாண்டாகக் குறுக்கே கடப்பது, அதன் ஓரமாகவே பல கி.மீ. நடப்பதைவிட மேல் என்பது சுரங்கக்காரர்களின் பால பாடம். இந்த ஒரு விஷயத்தில் ‘சி’-க்குத்தான் என் மதிப்பெண்.

கட்டத்தில் இல்லாத ஆறு

இனி விடுபட்டதற்கு வருவோம்.

‘சி’ வழி டோக்கியோ, யமனாஷி, நகானோ என்று போவதாகவே செய்திகளில் படித்திருப்போம். நடுவில் 10.7 கி.மீ. மட்டும் ஷிசுவோகா மாகாணத்தின் வடமுனையைக் கீறிக்கொண்டு போகிறது. வரைபடத்தில் பார்த்தால் விரல் நுனி அளவு. அங்கே நிலையம் கிடையாது. அதாவது ஷிசுவோகாவுக்கு இந்த ரயிலால் நேரடியாக ஒரு காசு லாபமில்லை. ஏற்கெனவே அந்த மாகாணத்துக்கு மனக்குறை வேறு. பழைய ஷின்கான்செனுக்கு அங்கே ஆறு நிலையங்கள். அதிவேக ‘நொசோமி’ ரயில் அவற்றில் ஒன்றில்கூட நிற்பதில்லை.

அந்த விரல் நுனியில்தான் ஓயி ஆறு பிறக்கிறது.

ஓயி ஆற்றுக்கும் அதன் மக்களுக்கும் உள்ள உறவு பழையது. ஷோகுன் ஆட்சிக் காலத்தில் அந்த ஆற்றில் பாலம் கட்டவிடவில்லை. பயணிகளைச் சுமையாட்கள் தோளில் ஏற்றி மறுகரை சேர்த்தார்கள். அப்படி ஓடிய ஆறு, இருபதாம் நூற்றாண்டில் மேலே அடுக்கடுக்காக மின் அணைகள் வந்ததும் கீழே வெறும் கூழாங்கல் படுகையானது. ‘ஆற்றுப் பாலைவனம்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1980-களில் கவானே பகுதி மக்கள் “தண்ணீரைத் திருப்பிக் கொடு” என்று போராடி, ஓரளவு நீரைத் திரும்ப வாங்கினார்கள். இன்று சுமார் 6.2 லட்சம் பேருக்குக் குடிக்கவும் பாய்ச்சவும் இதுவே ஆதாரம். மக்கினோஹாரா மேட்டின் தேயிலைத் தோட்டங்களும் இந்த நீரை நம்பியவை.

அப்படிப்பட்ட ஊரில் 2013-இல் ஒரு காகிதம் வந்து விழுந்தது. சுரங்கம் தோண்டினால் ஓயி ஆற்றின் மேற்பகுதியில் நொடிக்கு சுமார் 2 கன மீட்டர் நீர் குறையலாம் என்றது நிறுவனத்தின் சுற்றுச்சூழல் மதிப்பீடு. நம் கணக்கில் 70 கன அடி. மலைக்குள் இருக்கும் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கசிந்து, சரிவு போகும் போக்கில் யமனாஷி பக்கமும் நகானோ பக்கமும் ஓடிவிடும். மேல்மடையில் ஓட்டை போட்டுவிட்டு, கீழ்மடைக்காரனிடம் கவலைப்படாதே என்று சொன்னால் எப்படி?

கவனிக்க வேண்டியது ஆண்டுகளை. வழி தேர்வானது 2011-இல். இந்த எண் வெளியானது 2013-இல். மூன்று வழிகளை ஒப்பிட்ட கட்டத்தில் தூரம் இருந்தது, நேரம் இருந்தது, செலவு இருந்தது, பயணிகள் எண்ணிக்கையும் இருந்தது. எந்த வழி யாருடைய நீரை எவ்வளவு எடுக்கும் என்ற கணக்கு, வழியைத் தீர்மானித்த பிறகுதான் வந்தது.

ஷிசுவோகாக்காரர்கள் பயந்ததற்கு நூல் பிடித்த மாதிரி இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் மாகாணத்திலேயே தன்னா என்ற சிறு சமவெளி இருக்கிறது. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போன்ற இடம். அதற்கு அடியில் 1918-இல் தோக்காய்டோ ரயில் பாதைக்காக 7.8 கி.மீ. சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். ஏழு ஆண்டில் முடிப்பதாகப் பேச்சு, பதினாறு ஆண்டானது. 67 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1930 நிலநடுக்கத்தில் சுரங்கத்தின் முகப்பே இடம் பெயர்ந்தது. மேலே சமவெளியில் ஊற்றெடுத்துத் ததும்பிய நீரில் வசாபி பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். சுரங்கம் ஆழமாகப் போகப் போக ஊற்றுகள் ஒவ்வொன்றாக நின்றன. வசாபிப் பாத்திகள் காய்ந்தன, நெல் வயல்கள் வெடித்தன. சுரங்கம் வடித்த நீர் ஆஷி ஏரியைப் போல மூன்று மடங்கு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நீர் திரும்பி வரவே இல்லை. ஊர்க்காரர்கள் மாடு வளர்ப்புக்கு மாறினார்கள். இன்றும் ஷிசுவோகாவில் ‘தன்னா பால்’ விற்கிறது. அந்தப் பால் பாக்கெட்டின் பின்னே ஒரு காய்ந்த ஊற்று இருக்கிறது.

வெளிநாட்டுக் கதையும் ஒன்று உண்டு. இத்தாலியின் போலோன்யா–ஃபுளோரன்ஸ் அதிவேகப் பாதை 2009-இல் திறந்தது; 78 கி.மீ.-க்குச் சற்று மேல், அதில் 73 கி.மீ. சுரங்கம். முஜெல்லோ பகுதியில் ஓடைகளும் ஊற்றுகளும் வற்றி, வழக்கு நீதிமன்றம்வரை போனது.

பிடி கிடைத்த இடம்

ஜப்பானில் மற்ற புதிய ஷின்கான்சென் பாதைகளுக்கு மாகாணங்களும் பணம் போடுகின்றன. பணம் போடுகிறவனுக்குப் பேச இடமுண்டு. இங்கே நிறுவனம் தன் காசில் கட்டுகிறது. ஆகவே வழியைத் தேர்ந்தெடுப்பதிலும் அதன் சொல்லே எடுபட்டது. நகானோவின் ‘பி’ கோரிக்கை தோற்றதற்கு அடிப்படைக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. (2016-இல் அரசு 3 லட்சம் கோடி யென் கடன் கொடுத்த பிறகு ‘தன் காசு’ என்பதன் பொருள் கொஞ்சம் இளகிவிட்டது, அது வேறு கதை.)

ஷிசுவோகாவிடம் பணத்தின் பிடி இல்லை. ஆனால் ஆற்றின் அடியில் தோண்ட ஆற்றுச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஓயி ஆற்றின் அந்த மேற்பகுதிக்கு அனுமதி தரும் அதிகாரம் மாகாண ஆளுநர் கையில். ஆளுநர் ஹெய்தா கவகாட்சு அந்தப் பிடியை விடவே இல்லை. வெளியேறும் நீர் முழுவதையும் ஆற்றுக்கே திருப்பித் தர வேண்டும் என்றார். நிறுவனம் முதலில் 11.4 கி.மீ. நீளத்துக்குத் தனியாக ஒரு நீர்ச் சுரங்கம் தோண்டி நொடிக்கு 1.3 கன மீட்டரைத் திருப்புவதாகச் சொன்னது. 2018-இல் மீதியையும் பம்பு வைத்து ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டது. அப்படியும் தோண்டும்போது சுமார் 10 மாதம், சில பத்து லட்சம் கன மீட்டர் நீர் யமனாஷி பக்கம் போவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்தது. அதற்கு ஈடாக, ஓயி ஆற்றின் தலைப்பில் உள்ள தஷிரோ அணையில் மின் உற்பத்திக்காக யமனாஷி பக்கம் திருப்பும் நீரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை 2022-இல் முன்வைத்தார்கள். எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. மலைக்கு உள்ளே போகும் நீருக்கு மலைக்கு வெளியே கணக்குத் தீர்க்கும் புத்திசாலித்தனம். இது 2011-இலேயே மேசையில் இருந்திருந்தால் பத்து ஆண்டுச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

நீரோடு மண்ணும் சேர்ந்துகொண்டது. ஷிசுவோகா பகுதியில் மட்டும் தோண்டி எடுக்கும் மண் சுமார் 37 லட்சம் கன மீட்டர். அதில் பெரும்பகுதியை ஆற்றின் தலைப்பிலேயே மேடாகக் குவிப்பது திட்டம். 2021 ஜூலையில் அதே மாகாணத்தின் அடாமியில் கொட்டி வைத்த மண்மேடு மழையில் சரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த பிறகு, மண்மேடு என்ற சொல்லே அங்கே வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியது.

2024 மார்ச்சில் நிறுவனம், 2027-இல் திறக்கும் இலக்கைக் கைவிட்டது. 2034-க்கு முன்னால் முடியாது. ‘பி’ வழியைவிட 7 நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய், குறைந்தது 7 ஆண்டு தாமதம். ஆளுநர் கவகாட்சுவும் அந்த ஆண்டே பதவி விலகினார். உடனடிக் காரணம் தண்ணீர் அல்ல, காய்கறி விற்பவர்களையும் மாடு வளர்ப்பவர்களையும் தாழ்த்துவதாக அமைந்த ஒரு பேச்சு.

எதிர்த்தரப்பையும் கேட்போம்

7 நிமிடம், 7 ஆண்டு என்று எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தாமதம் முழுவதையும் ஷிசுவோகாவின் தலையில் கட்டுவது நியாயமில்லை. யமனாஷி நிலையமும் ஈடா பக்கத்து மேம்பாலங்களும் 2031 வாக்கில்தான் முடியும் என்று பிறகு தெரிந்தது. ஷிசுவோகா முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தாலும் 2027-இல் ரயில் ஓடியிருக்காது. திட்டச் செலவு 2021-இல் 7.04 லட்சம் கோடி யென் ஆனது, 2025 அக்டோபரில் 11 லட்சம் கோடி என்றார்கள். விலைவாசியும் கடினமான நிலமும் சேர்ந்த ஏற்றம் இது. ‘பி’ வழியில் போயிருந்தாலும் விலைவாசி ஏறியிருக்கும், 60 கி.மீ. கூடுதல் நீளத்துக்கும் சேர்த்து.

தண்ணீர் விஷயத்திலும் ‘பி’ பத்தினி வேடம் போட முடியாது. 2024-இல் கிஃபு மாகாணம் மிசுனாமியில் என்ன நடந்தது? ஓகுதே என்பது பழைய நகாசென்டோ பெருவழியில் வணிகர்கள் தங்கிப் போன சிற்றூர். அதன் அருகே சுரங்கம் தோண்டியபோது, ஊரின் கிணறுகளிலும் குளங்களிலும் நீர்மட்டம் இறங்கியது. ஒன்றிரண்டல்ல, பத்துக்கு மேற்பட்ட இடங்களில். வேலையை நிறுத்தினார்கள். இத்தனைக்கும் அது தெற்கு ஆல்ப்ஸ் அல்ல. நகோயாவை நெருங்கும் சாதாரணக் குன்றுப் பகுதி. மலை ஆழமோ இல்லையோ, குடைந்தால் நீர் இறங்கும். ‘பி’ வழியில் ஒரு பெரிய ஆற்றுச் சண்டைக்குப் பதில் இருபது சின்னக் கிணற்றுச் சண்டைகள் வந்திருக்கலாம்.

என் தேர்வு

இத்தனைக்குப் பிறகும் என்னைக் கேட்டால் ‘சி’ வழிதான். பிளவுகளைக் குறுக்கே கடக்கும் நியாயம் எனக்கு வலுவாகப் படுகிறது. நிலநடுக்கத்துக்கு மாற்றாகக் கட்டும் பாதை நீளம் குறைந்து, பராமரிக்க எளிதாக இருப்பது நல்லது. ஆனால் 2011-இல் அதைத் தேர்ந்தெடுத்த விதத்துக்கு நான் கை தூக்க மாட்டேன்.

எப்படிச் செய்திருக்கலாம் என்பதற்கு சுவிட்சர்லாந்தில் ஒரு பாடம் இருந்தது. 57 கி.மீ. காட்டார்ட் அடிச்சுரங்கத்தின் தடத்தில் பியோரா என்றொரு பகுதி. அங்கே சர்க்கரை போல் உதிரும் டோலமைட் பாறை, நீரோடு சேர்ந்து இருக்கிறது என்ற பயம். அது சுரங்க ஆழம்வரை இருந்தால் திட்டமே மூழ்கிவிடும். அவர்கள் பிரதான வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, 1993-இல் சுமார் 5.5 கி.மீ.-க்குத் தனி ஆய்வுச் சுரங்கம் தோண்டினார்கள். 1996-இல் துளைக்குள் நீரும் மணலும் பீறிட்டு வந்தன. விடவில்லை, இன்னும் ஆழமாகச் சாய்த்துத் துளைத்துப் பார்த்தார்கள். சுரங்கம் போகவேண்டிய மட்டத்தில் பாறை உலர்ந்து இறுகிக் கிடந்தது. பிறகு 2008-இல் துளைப்பு இயந்திரம் பியோராவைக் கடந்தபோது அது செய்தியாகக்கூடப் பெரிதாக வரவில்லை. மோசமான இடத்தை முதலில் குத்திப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்தார்கள்.

ஜப்பானில் வரிசை தலைகீழானது. முடிவு முதலில், துளை பிறகு. கடைசியில் ஆய்வுத் துளை போடுவதே சண்டையானது: யமனாஷி பக்கமிருந்து எல்லையை நெருங்கித் துளைத்தால் ஷிசுவோகாவின் நீர் அந்தத் துளை வழியாகவே வடிந்துவிடும் என்று மாகாணம் 2022, 2023-இல் எதிர்ப்புத் தெரிவித்தது. பாறையைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறான் ஒருவன். பார்க்கவும் விடமாட்டேன் என்கிறான் அவனே. நம்பிக்கை போன பிறகு துளையும் ஓட்டையாகத்தான் தெரியும்.

முடிவை மலை மாற்றும் என்பதும் ஜப்பான் அறியாததல்ல. ஜோஎட்சு ஷின்கான்சென் பாதையின் நகாயாமா சுரங்கத்தில் 1979-லும் 1980-லும் நீர் உடைத்துக்கொண்டு வந்து, பாதி வேலையில் தடத்தையே வளைத்தார்கள். நேர்கோட்டில் பறக்க வேண்டிய வண்டி, அந்த வளைவில் இன்றும் 160 கி.மீ. வேகத்துக்கு இறங்கித்தான் போகிறது.

ஆகவே 2011-இன் கட்டத்தை நான் திருப்பி எழுதினால் இரண்டு பத்திகள் கூட்டுவேன். ஒன்று, இந்த வழி யாருடைய நீரைத் தொடுகிறது, அவருக்கு இதில் என்ன கிடைக்கிறது. ‘சி’ வழியில் ஷிசுவோகாவுக்கு நேராக ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தால், அங்கே எதையாவது எழுதாமல் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். பழைய பாதையில் கூடுதல் ரயில் நிறுத்தங்கள், தஷிரோ அணைக் கணக்கு, ஏதோ ஒன்று. இரண்டாவது, மோசமான பாறையை எப்போது, யார் செலவில் குத்திப் பார்க்கப் போகிறோம். இந்த இரண்டும் நிரம்பாமல் 40, 47 என்ற நிமிடங்களை ஒப்பிட்டுப் பயனில்லை. மணி அடிக்கும் முன்பே ஓட்டப்பந்தயத்தின் முடிவைப் படிப்பது போலத்தான்.

‘பி’ கேட்டுத் தோற்ற சுவா மக்கள் இன்றும் ‘அசுசா’ விரைவு ரயிலில் ஷின்ஜுகு போய் வருகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையம் கிடைத்த ஈடாவில் மேம்பாலத் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஈடாக்காரர்கள் டோக்கியோ போக இப்போதும் நெடுஞ்சாலைப் பேருந்தில்தான் ஏறுகிறார்கள். அது தெற்கு ஆல்ப்ஸைச் சுற்றிக்கொண்டு, சுவா வழியாக, நான்கு மணி நேரத்துக்கு மேல் போகிறது.